இல்லாதவரிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்ற பழமொழி நம் பேச்சில் வந்து விழாத நாளில்லை. வேலை இழந்தவரிடமும், நோயாளியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவரிடமும், கடன் சுமையில் உறக்கம் தொலைத்தவரிடமும், ‘முதலில் உன் பாட்டைப் பார், பிறருக்குச் செய்வதைப் பிறகு யோசிக்கலாம்’ என்று ஆறுதலாகச் சொல்கிறவர்கள் இந்தப் பழமொழியைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். அவர்களுடைய அக்கறையில் எனக்கு ஐயமில்லை; நானும் ஒரு காலத்தில் பலரிடம் அப்படியே சொன்னவன்தான். ஆனால், துன்பம் என் வீட்டு வாசலுக்கே வந்தபோது அந்த அறிவுரை என்னைத் தூக்கிவிடவில்லை. இன்னும் ஒரு படி கீழே இறக்கியது. ஏன் அப்படி நேர்ந்தது என்பதையும், அந்த அனுபவத்தின் பேரில் தங்கள் நாளிதழிடம் நான் வைக்க விரும்பும் ஒரு வேண்டுகோளையும் எழுதவே இக்கடிதம். சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கெழுதிப் பிழைத்தவன். பிறருடைய பேரேட்டில் பற்றும் வரவும் பதிந்து, மாலையில் கையிருப்பு சரியாக வந்தால் நிம்மதியோடு வீடு திரும்புவதே என் வாழ்க்கையாக இருந்தது. நான் வேலை பார்த்த நிறுவனம் ஒரு நாள் மூடப்பட்டது. அதன் பிறகு பதினான்கு மாதங்கள் வேலையில்லை. அந்த மாதங்களில் என் வீட்டுக் கணக்கை நான் எழுதிய விதத்தை நினைத்தால் இப்போதும் மனம் கூசுகிறது. ஒரே நாளில் நான்கு முறை, ஐந்து முறை அதே எண்களை அதே நோட்டில் கூட்டுவேன். காலையில் கூட்டிய தொகை மாலைக்குள் மாறிவிடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கூட்டினேன். பிள்ளைகள் ஏதேனும் சொல்ல வந்தால், ‘இரு, இதை முடித்துவிட்டு வருகிறேன்’ என்பேன். அது முடிந்ததே இல்லை. தமிழில் ‘இருப்பு’ என்ற சொல் கையில் மிஞ்சிய பணத்தையும் குறிக்கிறது, ஒருவர் உயிரோடு இருப்பதையும் குறிக்கிறது. எனக்கு அந்த இரண்டும் ஒன்றாகிப் போயிருந்தன; முதலாவது குறையக் குறைய இரண்டாவதும் குறைவதாகவே உணர்ந்தேன்.

இதை என் தனிப்பட்ட பலவீனம் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். பின்னர்தான், 2013ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம், அறுவடைக்கு முன்பு கை வறண்டிருந்த நேரத்தில் ஒரு முறையும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒரு முறையும், சிந்தனைத் திறனை அளக்கும் சோதனைகளை ஆய்வாளர்கள் நடத்தினார்கள். அதே விவசாயி, அதே மூளை; ஆனால் பணமில்லாத நாட்களில் அவருடைய திறன் குறைந்து காணப்பட்டது. பற்றாக்குறை ஒருவருடைய கவனத்தை முழுக்கத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், வேறு எதையும் யோசிக்க அங்கே இடமில்லாமல் போகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். நோட்டை மூடி வைக்க முடியாமல் நான் உட்கார்ந்திருந்த இரவுகளுக்கு அன்றுதான் எனக்குப் பொருள் விளங்கியது.

ஆகவே, ‘நிறைவு என்பது மனத்தில்தான் இருக்கிறது, இருப்பதை நினைத்து மகிழ்ந்தால் போதும்’ என்று துன்பத்தில் இருப்பவருக்கு உபதேசம் செய்வதை நான் ஏற்கவில்லை. தண்ணீரில் தத்தளிப்பவரிடம் கரையின் அழகை ரசிக்கச் சொல்வதற்கு ஒப்பானது அது. பற்றாக்குறை பிடித்து வைத்திருக்கும் மனம், கட்டளையிட்டால் விரிந்துவிடாது. நானும் முயன்று பார்த்தேன். எனக்கு வாய்த்த நன்மைகளைக் காலையில் எழுந்ததும் பட்டியல் போடச் சொல்லி ஒரு நண்பர் அறிவுறுத்தினார். மூன்றாம் நாளே அதுவும் ஒரு கணக்கு நோட்டாகி, அதிலும் பற்றாக்குறையே தென்பட்டது. மனத்தை நேராகப் பிடித்து விரிக்க முடியாது என்றும், வேறொரு வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்றும் இப்போது நம்புகிறேன். அந்த வாசலைப் பற்றிச் சொல்வதற்கு முன், அது அடைபட்டிருந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

வேலை போன சில வாரங்களில், என்னிடம் யாரும் எதுவும் கேட்காமல் ஆனார்கள். இதை நான் முதலில் கவனிக்கவில்லை. நண்பர்கள் சேர்ந்து ஒருவருக்கு வழியனுப்புப் பரிசு வாங்கியபோது என் பங்கைக் கேட்கவில்லை. பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். உறவினர் வீட்டில் ஒரு வேலை நடந்தபோது, ‘அவனே கஷ்டத்தில் இருக்கிறான், அவனைப் போய்த் தொந்தரவு செய்வானேன்’ என்று என்னை விட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒரு முறை வருமான வரிப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வரும் பக்கத்து வீட்டுக்காரர், அந்த ஆண்டு வேறொருவரிடம் பணம் கொடுத்து நிரப்பிக்கொண்டார். எல்லாம் என் மீதுள்ள பரிவினால் செய்தவைதான். ஆனால், கேட்கப்படாமல் போவது எப்படிப்பட்டது என்பது அதற்கு ஆளானவருக்குத்தான் தெரியும். பணம் இல்லை என்பதைக் காலப்போக்கில் தாங்கிக்கொள்ள முடிந்தது. என்னிடம் கேட்டுப் பெறுவதற்கு எதுவுமே இல்லை என்று ஊர் முழுக்க முடிவு செய்துவிட்டதாகத் தோன்றியதைத் தாங்க முடியவில்லை. கொடுக்கிறவர் பக்கத்திலிருந்து என் பெயரை அழித்து, வாங்குகிறவர் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். அழிக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏழாம் மாதத்தில் என் அண்ணன் மாரடைப்பால் விழுந்தார். அவரைச் சேர்த்திருந்த மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு நீண்ட நடைக்கூடம்; சுவரோரம் தரையில் திருகி வைத்த இரும்பு நாற்காலிகள்; முப்பது பேர் காத்திருக்கும் இடத்தில் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரே ஒரு பிளக் பாயின்ட். அங்கே எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய மனைவி பதினோரு நாட்களாக நினைவில்லாமல் உள்ளே கிடந்தார். பெரியவருடைய சட்டைப் பொத்தான் துளையில் ஒரு நூல் கட்டியிருக்கும். நூலின் மறுமுனையில் ஒரு பால்பாயின்ட் பேனா தொங்கும். அந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் கையெழுத்துக் கேட்பார்கள். பதறியடித்து ஓடி வந்தவர்களிடம் பேனா இருக்காது. ‘ஐயா, பேனா இருக்கா?’ என்று வந்து நிற்பார்கள். நூல் அவ்வளவு நீளமில்லை. ஆகவே, கையெழுத்துப் போடுகிறவர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பக்கமாகச் சற்றுக் குனிந்துதான் எழுத வேண்டும். அவர் குனிந்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் பெரியவர் தாழ்ந்த குரலில், தெரிந்திருக்க வேண்டியதையெல்லாம் சொல்லிவிடுவார்.

எனக்கும் அப்படித்தான் சொன்னார். ‘பேரை ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவாங்க தம்பி. இந்தப் பக்கத்து நாற்காலியில உட்காருங்க, அப்பத்தான் காதுல விழும். டாக்டர் வெளியில வந்தா நின்னு பேச மாட்டார். கேக்க வேண்டியத முன்னாடியே ஒரு சீட்டுல எழுதி வச்சுக்குங்க. பணம் கட்டுற அந்த ஜன்னல் காலைல ஆறு மணிக்குத்தான் திறக்கும், ராத்திரி முழுக்க அங்க நிக்காதீங்க.’ பதினோரு நாட்கள் அங்கே கிடந்து அவர் சேர்த்து வைத்த சொத்து அவ்வளவுதான். வேறு எதுவும் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. அதைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்.

இதுவரை படிப்பவர்கள், நான் அந்தப் பெரியவருடைய ஈகையைப் புகழப் போகிறேன் என்று நினைக்கக்கூடும். புகழத்தக்கதே. ஆனால், அவர் எனக்குச் செய்த பெரிய உதவி பேனாவும் இல்லை, அந்தத் தகவல்களும் இல்லை. மூன்றாம் நாள் இரவு அவர் என் பக்கம் திரும்பி, ‘தம்பி, உங்களுக்குக் கணக்குத் தெரியுமா?’ என்று கேட்டார். தெரியும் என்றேன். ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் மடியில் வைத்தார். பதினான்கு நாட்களின் ரசீதுகள், முன்பணச் சீட்டுகள், மருந்துப் பில்கள் எல்லாம் கசங்கிக் கலந்து கிடந்தன. ‘எவ்வளவு கட்டியிருக்கேன், இன்னும் எவ்வளவு கட்டணும்னு எனக்கு ஒண்ணும் புரியல. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?’ என்றார். அவர் கேட்டபோது என் கண் கலங்கியதை அவர் தன் துயரத்துக்கான இரக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். உண்மையில், ஏழு மாதங்களில் முதல் முறையாக ஒருவர் என்னிடம் எதையோ கேட்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. தேதிவாரியாக அடுக்கினேன், முன்பணத்தை ஒரு பக்கமும் பில்களை ஒரு பக்கமும் வைத்துக் கூட்டினேன். ஒரு நாளைய ஊசி மருந்தின் தொகை இரண்டு பில்களில் ஏறியிருந்தது தெரிந்தது. மறுநாள் காலையில் அதைக் காட்டியபோது ஜன்னலில் இருந்தவர் திருத்திக் கொடுத்தார். தொகை பெரிதில்லை; என்றாலும், நான் சொல்ல வருவது வேறு. அந்த இரண்டு மணி நேரத்தில் என் வீட்டுக் கணக்கு ஒரு முறைகூட என் நினைவுக்கு வரவில்லை. விடிந்த பிறகு, அது நினைவுக்கு வரவில்லை என்பதே நினைவுக்கு வந்து வியந்தேன். மூடவே முடியாத அந்த நோட்டு தானாக மூடிக்கொண்டிருந்தது. அடுத்த இரவு, இரண்டு மணி இருக்கும், புதிதாக வந்த ஒரு பெண்மணி அந்த ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றார். ‘அம்மா, அது ஆறு மணிக்குத்தான் திறக்கும், இங்கே வந்து உட்காருங்கள்’ என்று நானே எழுந்து போய்ச் சொன்னேன். ஐந்தாம் நாளுக்குள் நான்கைந்து குடும்பங்கள் தங்கள் ரசீதுப் பைகளோடு என்னிடம் வந்துவிட்டன. கணக்கப்பிள்ளை என்றே அங்கே எனக்குப் பெயர் விழுந்தது.

என் அண்ணன் தேறி வீடு திரும்பினார். பெரியவரின் மனைவி தேறவில்லை. பெரியவர் புறப்பட்ட காலையில், காகிதங்களுக்காகக் காத்திருந்தபோது, நிலவரம் தெரியாத ஒருவர் வந்து பேனா கேட்டார். அழுதுகொண்டிருந்தவர் ஒன்றும் சொல்லாமல் நூலை இழுத்து நீட்டியதை நான் பார்த்தேன். அவரை ஒரு ஞானியாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. நடுநடுவே எரிந்து விழுவார். பிளக் பாயின்டுக்காக ஒருவரோடு சண்டையே போட்டிருக்கிறார். அவரும் எங்கள் எல்லோரையும் போல உடைந்து போன மனிதர்தான். உடைந்த நிலையிலும் கொடுப்பதற்கு ஒன்று இருந்தது, அதைக் கேட்பதற்கும் வாங்குவதற்கும் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

நிறைந்த பிறகுதான் கொடுக்க முடியும் என்ற நம் எண்ணத்தை மறுத்துக் காட்டும் நிகழ்வுகள் வரலாற்றில் உண்டு. குடிநோயிலிருந்து மீள்வோருக்காக இன்று பல நாடுகளில் இயங்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு எப்படித் தோன்றியது என்று பாருங்கள். 1935ஆம் ஆண்டு மே மாதம், பில் வில்சன் என்பவர் தொழில் நிமித்தமாக அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் அக்ரான் நகருக்கு வந்திருந்தார். வந்த காரியம் தோற்றது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த ஹோட்டலின் முன்கூடத்தில் தனியாக நின்ற அவரை, அங்கிருந்த மதுக்கூடத்துச் சத்தம் இழுத்தது. இன்று குடித்துவிடுவோம் என்று அஞ்சிய அவர், தன்னைக் காப்பாற்ற ஒருவரைத் தேடவில்லை; தன்னால் உதவக்கூடிய இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். தேவாலயப் போதகர்களுக்குத் தொலைபேசியில் பேசி, கடைசியில் ராபர்ட் ஸ்மித் என்ற மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்த ஸ்மித் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஸ்மித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் தேதியையே அந்த அமைப்பினர் தங்கள் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இதில் என்னைக் கட்டிப் போடும் விவரம் ஒன்று உண்டு. அக்ரானுக்கு வருவதற்கு முந்தைய மாதங்களில் வில்சன் பல குடிநோயாளிகளுக்கு உதவ ஓடினார். அவர்களில் ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால், உதவ ஓடிய வில்சன் மட்டும் குடிக்காமல் இருந்தார். அவரிடம் அப்போது பணமில்லை, வேலையில்லை, நற்பெயரும் மிஞ்சவில்லை. பிறருக்குக் கொடுப்பதற்குத் தன் சீரழிவின் அனுபவம் ஒன்றே இருந்தது. இன்னொரு குடிநோயாளிக்கு அதைவிட உதவக்கூடிய பொருள் வேறு எந்தச் செல்வரிடமும் இருந்திருக்காது.

தனிமனிதருக்கு மட்டுமின்றி ஒரு சமூகத்துக்கும் இது பொருந்தும். அமெரிக்கப் பழங்குடிகளில் ஒரு பிரிவினரான சாக்டா மக்கள் 1831 முதல் தங்கள் மண்ணிலிருந்து அரசால் வெளியேற்றப்பட்டு, நெடுந்தொலைவு நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் பசியாலும் குளிராலும் நோயாலும் இறந்தார்கள். அது நடந்து பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்த 1847இல், கடலுக்கு அப்பால் அயர்லாந்தில் மக்கள் பஞ்சத்தால் மடிகிறார்கள் என்ற செய்தி அவர்களை எட்டியது. புதிய இடத்தில் இன்னும் வேரூன்றாத அந்த மக்கள் கூடி, 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். தாங்கள் ஒருபோதும் பார்த்திராத, பார்க்க வாய்ப்பும் இல்லாத மனிதர்களுக்கு அனுப்பினார்கள். பசியால் நடந்து செத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பசி என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அயர்லாந்து அதை மறக்கவில்லை. மிடில்டன் நகரில் ஒன்பது எஃகு இறகுகளை வட்டமாக நிறுத்திய ஒரு நினைவுச் சின்னம் 2017இல் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. 2020இல் கொரோனா தொற்று அமெரிக்காவின் நவாஹோ, ஹோபி பழங்குடியினரை வாட்டியபோது, 1847இன் அந்தக் கொடையைச் சொல்லியே அயர்லாந்து மக்கள் பலர் பணம் அனுப்பினார்கள். 170 டாலரைக் கணக்கில் எடுத்தால் பஞ்சத்தின் முன் அது ஒரு துளி. ஆனால், வெளியேற்றப்பட்டவர்கள், பறிகொடுத்தவர்கள் என்று மட்டுமே ஏடுகளில் பதிந்திருந்த ஒரு மக்கள், கொடுத்தவர்கள் என்றும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

ஆய்வாளர்களும் இந்தப் பக்கம் பார்வையைச் செலுத்தியிருக்கிறார்கள். இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். 2008இல் வெளியான ஒரு சோதனையில் 46 பேரிடம் காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொண்ட உறை ஒன்றைக் கொடுத்து, சிலரைத் தமக்காகவும் சிலரைப் பிறருக்காகவும் அன்று மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். பிறருக்குச் செலவிட்டவர்களே மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பதால் வேறுபாடு தெரியவில்லை. 2003இல் வெளியான மற்றொன்று, 423 முதிய தம்பதியரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தது. அக்கம்பக்கத்தாருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கைகொடுத்து வந்தவர்கள் அந்தக் காலத்தில் இறப்பது குறைவாக இருந்தது. உதவி பெறுவதில் மட்டும் அந்தப் பயன் தென்படவில்லை. இவற்றை வைத்துக்கொண்டு, கொடுத்தால் ஆயுள் கூடும் என்று யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. ஆனால், முதியோரிடமிருந்தும் நலிந்தோரிடமிருந்தும் எதையும் கேட்காமல் அவர்களுக்குச் செய்துகொண்டே இருப்பதுதான் அன்பு என்ற நம் நினைப்பைச் சற்று நிறுத்திப் பார்க்க இவை போதும்.

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரமாகவும், ஈகை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே, ஏன் இரண்டு அதிகாரங்கள் என்று பள்ளிப் பருவத்தில் எனக்குப் புரிந்ததில்லை. இல்லாதவருக்கு இருப்பவர் தருவது ஈகை. ஒப்புரவில் அந்த மேல் கீழ் இல்லை. சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒருவருக்கொருவர் ஆற்ற வேண்டிய கடமை அது. செல்வம் சுருங்கிய காலத்திலும் கடமை அறிந்தவர்கள் ஒப்புரவில் தளரமாட்டார்கள் என்று சொல்லும் குறள், ஈகை அதிகாரத்தில் இல்லாமல் ஒப்புரவில் இடம்பெற்றிருப்பது இப்போது எனக்குப் பொருள் மிகுந்ததாகப் படுகிறது. கை வறண்டவரால் ஈகை செய்ய இயலாமல் போகலாம். ஒப்புரவிலிருந்து அவரை யாரும் விலக்கி வைக்க முடியாது, பரிவின் பெயராலும்கூட.

அந்தப் பழமொழியையும் நான் தள்ளிவிடவில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணத்தை எடுத்துப் பெருமைக்காக வாரி இறைப்பவருக்கு அது நல்ல கடிவாளம். கடன் வாங்கிக் கொடை கொடுக்கச் சொல்ல நான் வரவில்லை. இன்னொரு கூட்டத்தாரையும் மறக்கக்கூடாது. ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் மகள்கள், மருமகள்கள், தாய்மார்கள் கொடுத்துக் கொடுத்தே வற்றிப் போயிருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கொடையின் இன்பத்தைப் பேசுவது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும், அவர்களுடைய இடத்தில் ஒரு நாளாவது வந்து உட்காரும் இன்னோர் ஆளும்தான். மனமுவந்து கொடுப்பதற்கும் இப்படி வற்றிப் போவதற்கும் வேறுபாடு காண எளிய வழி ஒன்று உண்டு: வேண்டாம் என்று சொல்லும் உரிமை கொடுப்பவருக்கு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பெரியவர் என்னிடம் பையைக் கொடுத்தபோது, முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தச் சுதந்திரம் இருந்ததால்தான் நான் செய்தது கொடுப்பதாயிற்று. அதேபோல, ஏழைகளுக்குப் பெரிய மனம் இருக்கிறது என்ற புகழ்ச்சியைச் சாக்காக வைத்து, அரசும் செல்வம் படைத்தவர்களும் தங்கள் கடமையிலிருந்து நழுவ நாம் இடம் கொடுக்கலாகாது. வேலை இழந்த எனக்கு வேலைதான் வேண்டியிருந்தது. அது பதினைந்தாம் மாதத்தில் கிடைத்தது. நடைக்கூடத்தில் நான் செய்த உதவிக்குக் கைம்மாறாக எந்தத் தெய்வமும் அதை அனுப்பி வைக்கவில்லை, விண்ணப்பம் போட்டு, இரண்டு முறை நேர்காணலுக்குப் போய்க் கிடைத்தது. ஆனால், அந்த நேர்காணல்களுக்கு நிமிர்ந்து போனேன். வீட்டு நோட்டை ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் கூட்டிவிட்டுப் போனேன்.

இனி என் வேண்டுகோள். நோயாலும் விபத்தாலும் இயற்கைச் சீற்றத்தாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி கேட்டுத் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளை நான் தவறாமல் படிக்கிறேன். அவற்றால் பலர் வாழ்வு பெறுகிறார்கள் என்பதையும் அறிவேன். அந்தச் செய்திகளில் ஒருவருடைய பெயர், வயது, நோய், தேவைப்படும் தொகை எல்லாம் இருக்கின்றன. அவர் என்ன தெரிந்தவர், என்ன செய்யக் கூடியவர், இதுவரை யாருக்கு என்ன செய்திருக்கிறார், இந்த நிலையிலும் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்ற ஒரு வரி பெரும்பாலும் இருப்பதில்லை. அவரைச் சந்திக்கச் செல்லும் தங்கள் செய்தியாளர், ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்ட பிறகு, ‘உங்களால் பிறருக்குச் செய்ய முடிவது ஏதேனும் இருக்கிறதா?’ என்றும் ஒரு கேள்வி கேட்க வேண்டுகிறேன். தையல் தெரிந்தவராக இருக்கலாம். பாடம் சொல்லிக் கொடுக்கத் தெரிந்திருக்கலாம். அதே நோயின் முதல் வாரத்தில் திகைத்து நிற்கும் இன்னொரு குடும்பத்துக்கு வழி சொல்லக் கூடியவராக இருக்கலாம். சொல்ல விரும்பாதவர் சொல்லாமல் விடட்டும். அதற்காக அவருக்குரிய உதவி ஒரு துளியும் குறையக்கூடாது. திருப்பிச் செய்தால்தான் உதவி என்ற நிலை ஒரு நாளும் வரக்கூடாது. கேட்பது மட்டுமே என் வேண்டுகோள். கேட்கப்பட்டாலே பாதி நிமிர்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இப்போது நெருக்கடியில் இருந்தால், அவருக்குச் செய்வதைச் செய்யுங்கள். செய்துவிட்டு, அவரால் எளிதாகச் செய்யக்கூடிய ஒன்றை அவரிடம் உண்மையாகவே கேளுங்கள். இரக்கப்பட்டு உருவாக்கிய பொய்த் தேவை வேண்டாம். அது முகத்தில் தெரிந்துவிடும். என் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஆண்டு வழக்கம்போலத் தம் வரிப் படிவத்தோடு வந்து, ‘இதைக் கொஞ்சம் பார்’ என்று சொல்லியிருந்தால், அன்று அவர் எனக்குக் கடனாகக் கொடுத்த தொகையைவிட அது எனக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

என் பங்குக்கு ஒன்று. மருத்துவமனை ரசீதுகளைக் கூட்டிச் சரிபார்க்கத் தெரியாமல் திணறும் குடும்பத்தினர் யாரேனும் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், அதன் நகல்களை எனக்கு அனுப்பி வையுங்கள். என் முகவரியைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். அதை அச்சிட வேண்டாம். ஆறு மணிக்கு மேல் எனக்கு நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்